விஷச்செடி என்கிறார்களே, மாட்டுக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்க்கலாமா?

குச்சிக்காட்டுக்காரன்

வணக்கம். ஆத்தூர்ப் பக்கம் இரண்டரை ஏக்கர் வைத்திருக்கிறேன். பாதி குச்சிக்கிழங்கு (மரவள்ளி), மீதி மானாவாரி. கட்டுத்தரையில் இரண்டு கறவையும் ஒரு கிடேரியும் இருந்தன. இப்போது கிடேரி இல்லை. அதனால்தான் இந்தக் கேள்வி.

புரட்டாசியில் ஒரு நாள் விடிகாலை பால் பீய்ச்ச எழுந்தால் முளைக்குச்சியில் கயிறு மட்டும் கிடக்கிறது. கிடேரி தலையை உருவிக்கொண்டு போயிருக்கிறது. டார்ச் அடித்துத் தேடினேன். மேற்கு வயலில் நின்று மேய்ந்துகொண்டிருந்தது. ஆவணியில் தீவனச் சோளம் அறுத்த வயல் அது. மழை இல்லாமல் மறுதாம்பு, அதாவது அறுத்த கட்டையில் திரும்பக் கிளம்பும் பயிர், சுருண்டு கிடந்தது. அதற்கு நான்கைந்து நாள் முன்பு பெய்த ஒரே மழைக்குக் கரும்பச்சையாக முழங்கால் அளவு கிளம்பியிருந்தது. சரி, பசிக்குத் தின்றிருக்கிறது என்று இழுத்து வந்து கட்டினேன். ஒரு மாட்டுக்குப் பால் பீய்ச்சி முடிப்பதற்குள் தொப்பென்று சத்தம். திரும்பிப் பார்த்தால் கிடேரி விழுந்து கிடக்கிறது. வாயில் நுரை, கால்கள் விறைத்து இழுக்கின்றன, வயிறு உப்பல். டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் வண்டியை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. முதல் சினை, ஐந்து மாதம்.

மேய்ந்தது சோளம்தான். ஆனால் மூன்று நாள் முன்பு அதே வயலின் வேலியில் இருந்த அரளியைக் கழித்து, தழையை வரப்பில் குவித்து வைத்திருந்தேன். போதாததற்கு முந்தின நாள் சாயங்காலம் குச்சி இலை ஒரு கட்டு போட்டிருந்தேன். மாமா பார்த்துவிட்டு அரளிதான் என்றார். பக்கத்துக் காட்டுக்காரர் குச்சி இலை என்றார். சோளம் என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் "எங்க வீட்டுல வருஷா வருஷம் மறுதாம்பு மேயுது, ஒண்ணும் ஆகல" என்று அவரை அடக்கிவிட்டார். என் வீட்டுக்காரி கண்ணேறு என்கிறாள்.

எங்கள் அப்பாயி ஒரு பட்டியல் வைத்திருந்தார்: அரளி, எருக்கு, ஊமத்தை, உண்ணிச்செடி, நெய்வேலி காட்டாமணக்கு, கண்வலிக்கிழங்கு, குன்றிமணி, பூக்காத சோளம். இதெல்லாம் மாட்டு வாயில் படக்கூடாது. சரி என்று வைத்துக்கொண்டாலும் அதே பட்டியலில் முருங்கைக் கீரையும் இருந்தது. இன்றைக்கு முருங்கையைத் தீவனமாகவே வளர்க்கச் சொல்கிறார்கள். ஆக, பட்டியலில் எது நிஜம், எது வாய்ப்பேச்சு?

என் யோசனை இதுதான். ஒரு காளைக்கன்று இருக்கிறது, விற்றால் பெரிதாக ஒன்றும் தேறாது. ஒரு நாளைக்கு ஒரு செடி, ஒரு பிடி தழை, மறுநாள் வரை கவனிப்பது. நோட்டில் குறித்து வைத்தால் பத்து நாளில் பட்டியல் சுத்தமாகிவிடும். யாராவது இப்படிச் செய்து பார்த்திருக்கிறீர்களா?

மண்வெட்டி

இதுக்கெல்லாம் சோதனை எதுக்கு நண்பா. எங்க வீட்டுல மூணு தலைமுறையா குச்சி இலையும் கிழங்குத் தோலும் மாட்டுக்குத்தான் போகுது. ஒரு மாடு செத்ததில்ல. மாட்டுக்குத் தெரியும் எது தின்னணும் எது தின்னக்கூடாதுன்னு. நாமதான் போனைப் பார்த்துப் பார்த்து பயந்து சாகுறோம். உங்க கிடேரிக்குப் பாம்பு தீண்டியிருக்கும்.

பழைய மாட்டு டாக்டர்

தம்பி, கன்றை விட்டுவிடுங்கள். பாவம் என்பது ஒரு பக்கம். மாட்டை வைத்துச் சோதனை செய்யச் சட்டமும் குழு அனுமதியும் உண்டு என்பது இன்னொரு பக்கம். அதையெல்லாம் தள்ளி வைத்தாலும் அந்தச் சோதனையில் உங்களுக்குக் கிடைக்கப்போவது தப்பான பட்டியல்தான். எப்படி என்று சொல்கிறேன்.

சோளத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். இளஞ்சோள இலையில் விஷம் விஷமாகவே இருப்பதில்லை. சர்க்கரையோடு கட்டுண்ட ஒரு பொருளாக ஒரு பக்கம் இருக்கிறது. அதை உடைக்கும் நொதி வேறு பக்கம் இருக்கிறது. மாடு மென்றதும் இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு கிளம்புகிறது. மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்த வேலையை இன்னும் வேகமாக்குகின்றன. குதிரை தப்பிக்கிற இடத்தில் மாடு மாட்டிக்கொள்வது இதனால்தான். ஆனால் கொஞ்சமாக வந்தால் உடம்பே அதை மாற்றி மூத்திரத்தில் தள்ளிவிடும். நீங்கள் ஒரு பிடி கொடுப்பீர்கள், கன்று துள்ளிக்கொண்டிருக்கும், நோட்டில் "சோளம், ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதுவீர்கள். அதே கன்று விடிகாலை வெறும் வயிற்றில் அதே வயலுக்குள் புகுந்து பத்து நிமிடம் அரக்கப்பரக்கத் தின்றால் விழும்.

இப்போது அரளி. இதில் கணக்கே தலைகீழ். 300 கிலோ மாட்டுக்குக் காய்ந்த அரளி இலை 15 கிராம் போதும், இதயத்தை நிறுத்திவிடும். உங்கள் கன்று 60 கிலோ என்று வைத்தால் 3 கிராம். உங்கள் "ஒரு பிடி" கன்றைக் கொன்றுவிடும்.

உண்ணிச்செடி ஈரலைத் தாக்கும். தின்ற அன்றைக்கு மாடு சாதாரணமாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று நாள் கழித்துக் கண் மஞ்சளாகும், சாணி இறுகும், வெயிலில் நின்றால் தோல் வெடிக்கும். மறுநாளே நோட்டை மூடிவிட்டால் இதுவும் "ஒன்றும் ஆகவில்லை" பக்கம்தான் போய்ச் சேரும். பார்த்தீனியத்தைத் தீவனத்தோடு கலந்து மாட்டுக்கும் எருமைக்கும் கொடுத்துப் பார்த்த பெங்களூர் ஆய்வு ஒன்று 1977ல் வெளிவந்தது. அதில் மாடுகள் விழ நாள் கணக்கில், வாரக் கணக்கில் ஆனது. நெய்வேலி காட்டாமணக்கு இன்னும் மெதுவு, வாரக்கணக்கில் தின்ன வேண்டும்.

ஆக, உங்கள் முறையில் மூன்று விஷச்செடி நல்ல செடியாகிவிடும், ஒன்றில் கன்று போய்விடும்.

"யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா" என்று கேட்டீர்கள். செய்திருக்கிறார்கள், ஆனால் வேறு மாதிரி. அமெரிக்காவின் மேற்குப் புல்வெளிகளில் லோகோ என்று ஒரு செடி. ஸ்பானிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் பைத்தியம் என்று பொருள். அதைத் தின்ற குதிரையும் மாடும் கிறுக்குப் பிடித்து அலைந்து மெலிந்து சாகும் என்று மாட்டுக்காரர்கள் எல்லாருமே சொன்னார்கள். கொலராடோ மாநிலம் அந்தச் செடியைப் பிடுங்கிக் கொண்டுவந்தால் பணம் என்று அறிவித்து 1881 முதல் 1885க்குள் ஏறக்குறைய 2 லட்சம் டாலர் கொடுத்தது. செடி ஒழியவில்லை. இன்னொரு பக்கம் ஆய்வகத்தில் இலையை அரைத்துப் பார்த்தவர்கள் விஷம் எதுவும் கிடைக்காமல், இது விஷமே இல்லை, பட்டினியாலோ புழுவாலோ சாகிறது என்றார்கள்.

1905ல் சி. டுவைட் மார்ஷ் என்பவர் ஹியூகோ என்ற ஊரில் வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில் உட்கார்ந்தார். ஒரு கூட்டத்துக்கு லோகோ, இன்னொரு கூட்டத்துக்கு லோகோ இல்லாத மேய்ச்சல். வருஷக்கணக்கில் பார்த்து, 1909ல் அறிக்கை வந்தது. மாட்டுக்காரர்கள் சொன்னது சரி. ஒரு நாள் தின்றால் ஒன்றுமில்லை, தொடர்ந்து தின்றால்தான் கிறுக்கு. இடையில் அவருடைய கூட்டாளி ஒருவர் செடியில் உள்ள பேரியம்தான் காரணம் என்று எழுதி, அது தப்பாகப் போனது. உண்மையான விஷத்துக்கு ஸ்வைன்சோனின் என்று பெயர். 1979ல் ஆஸ்திரேலியாவில் வேறொரு செடியில் கண்டுபிடித்து, 1982ல் லோகோவிலும் அதுவே இருக்கிறது என்று காட்டினார்கள். அதைச் செய்வது செடிகூட இல்லை, செடிக்குள் குடியிருக்கும் ஒரு பூஞ்சை. நம் ஏரிக்கரையில் ஊதாப்பூ பூத்து நிற்கிற நெய்வேலி காட்டாமணக்கிலும் அதே விஷம்தான்.

கிடேரி விஷயத்துக்கு வருகிறேன். இதற்குப் பதில் சொல்லுங்கள்: விழுந்தபோது ஈறும் கண்ணின் உள்பக்கமும் என்ன நிறம்? கழிச்சல் இருந்ததா? வாயில் அரளி இலைத் துணுக்கு இருந்ததா? அறுத்துப் பார்த்தீர்களா? மூக்கு, ஆசனவாய் வழியாக ரத்தம் வந்ததா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் அறுத்தே இருக்கக்கூடாது. திடீர்ச் சாவும் கறுத்த, உறையாத ரத்தமும் சேர்ந்து வந்தால் அடைப்பானாக (ஆந்த்ராக்ஸ்) இருக்கலாம், அது மனுஷனுக்கும் வரும்.

மண்வெட்டி அவர்களுக்கு: உங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக மாடு சாகவில்லை என்பதை நம்புகிறேன். அந்த இலையைப் பறித்த உடனே போடுகிறீர்களா, கட்டி வைத்து மறுநாள் போடுகிறீர்களா? தோலைப் பச்சையாகவா, காயவைத்தா?

ஏரிக்கரை வெள்ளாடு

டாக்டர் ஐயா சொன்ன காட்டாமணக்கை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேச்சேரிக்கு மேற்கே எங்கள் ஊர். 2016ல் மழை பொய்த்து அடுத்த வருஷம் ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது கரையில் பச்சையாக நின்றது அது ஒன்றுதான். முதலில் ஆடுகள் முகர்ந்துவிட்டுப் போகும். அப்புறம் ஒன்று கடித்தது. பிறகு அந்த ஒன்று, வேறு தழை இருந்தாலும் அதைத்தான் தேடிப் போனது. கள்ளுக்கடைக்குப் போகிற ஆள் மாதிரி. மாசி மாதம் ஆரம்பித்தது, சித்திரையில் தலை ஆடத் தொடங்கியது. கை தட்டினால் மற்ற ஆடு ஓடும், அது பின்னங்கால் மடங்கி உட்கார்ந்துவிடும். தாழியில் வாய் வைக்கும்போது தண்ணீர் எங்கே இருக்கிறது என்று தேடுகிற மாதிரி மூக்கை இடித்துக்கொள்ளும். வேறு புல் போட்டு வீட்டிலேயே கட்டி வைத்தும் முழுசாகத் தேறவில்லை.

ஆனால் ஐயா, எருக்கு விஷயத்தில் எனக்குச் சந்தேகம். பட்டியலில் எருக்கு இருக்கிறது, என் ஆடுகள் வெயில் காலத்தில் வாடி விழுந்த எருக்கிலையைப் பொறுக்கித் தின்கின்றன. நான் தடுப்பதில்லை. இதுவரை ஒன்றும் ஆனதில்லை. சவுண்டலும் (சூபாபுல்) அப்படித்தான். முடி கொட்டும் என்று பயமுறுத்தினார்கள், எங்கள் ஆடுகள் வேலியோரம் முழுக்க மொட்டை அடிக்கின்றன, முடி பளபளவென்று இருக்கிறது.

எங்கள் மாமியார் விஷச்செடிப் பட்டியல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அவருக்கு இரண்டே பழக்கம். காலையில் ஆட்டை அவிழ்க்கும் முன் ஒரு கை கடலைக்கொடியாவது காட்டாமல் விடமாட்டார். மேய்ச்சலில் இருந்து திரும்பும்போது வரப்பைத் திரும்பிப் பார்ப்பார், எது கடிபடாமல் நிற்கிறது என்று. கடிபடாத செடியின் பக்கம் வறட்சியில் ஓட்டிப் போகமாட்டார்.

குச்சிக்காட்டு அண்ணா, கிடேரிக்கு ரொம்ப வருத்தம். அஞ்சு மாசச் சினை என்று படித்ததும் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

பழைய மாட்டு டாக்டர்

அம்மா, நீங்கள் எழுதியிருப்பது எங்கள் பாடப் புத்தகத்தில் உள்ளதைவிடத் தெளிவாக இருக்கிறது. மொசாம்பிக்கில் ஆடுகளுக்கு இதே செடியால் இதே தலையாட்டம் வந்தது என்று 1990களின் கடைசியில் எழுதியிருக்கிறார்கள். தேடிப்போய்த் தின்பதும் அதில் உண்டு. "மாட்டுக்கே தெரியும்" என்று மண்வெட்டி சொன்னதற்கும் இதுவே பதில்.

சவுண்டலில் நீங்களும் சரி, பயமுறுத்தியவர்களும் சரி. அதில் மைமோசின் என்று ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் அதைத் தின்ற மாடுகளுக்கு முடி கொட்டியது, கழுத்தில் தைராய்டு வீங்கியது. ஹவாய்த் தீவில் ஆடுகள் அதையே தின்று ஒரு கோளாறும் இல்லாமல் இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி, வித்தியாசம் செடியில் இல்லை, வயிற்றில் இருக்கிறது என்று பிடித்தார். 1980களின் தொடக்கத்தில் ஹவாய் ஆட்டின் முதல் வயிற்று நுண்ணுயிரை எடுத்து வந்து ஆஸ்திரேலிய மாட்டுக்குள் விட்டார்கள். அதன்பிறகு அந்த மாடுகளும் தாங்கின. ஒரு மாட்டில் இருந்து பக்கத்து மாட்டுக்குத் தானாகவே பரவவும் செய்தது. பின்னால் அந்த நுண்ணுயிருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதனால் "எங்க ஊர் ஆடு தின்னுது" என்பது உங்கள் ஊர் ஆட்டுக்குத்தான் சான்று. நேற்று சந்தையில் வாங்கி வந்த ஆட்டுக்கு இல்லை. புதிதாக வந்ததற்குச் சவுண்டலை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் வையுங்கள்.

எருக்கில் இதயத்தைத் தாக்கும் பொருள் இருக்கிறது, அரளியில் உள்ள வகைதான். கீழே விழுந்து வாடியதை நாலு இலை பொறுக்குவதும் பச்சையை வயிறு நிறையத் தின்பதும் ஒன்றில்லை. தடுக்காமல் இருங்கள், அறுத்தும் போடாதீர்கள். இவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

மண்வெட்டி

டாக்டர் சார் கேட்டதுக்குப் பதில். இலையைச் சாயங்காலம் ஒடிச்சுக் கட்டி வெச்சு மறுநாள் உச்சியிலதான் போடுவோம். அம்மா அப்படித்தான் செய்யும். ஏன்னு கேட்டா "இலையில பால் வத்தட்டும்"னு சொல்லும். தோலு களத்துல காயும், மூணு நாள். பச்சையா போட்டதா எனக்கு ஞாபகம் இல்ல. அதுக்காக எங்கம்மா விஞ்ஞானின்னு ஒத்துக்கணுமா?

பழைய மாட்டு டாக்டர்

ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். குச்சி இலையிலும் தோலிலும் இருப்பது சோளத்தில் இருக்கிற அதே சயனைடுச் சங்கதி. வாடும்போதும் வெயிலில் காயும்போதும் பெரும்பகுதி ஆவியாகப் போய்விடும். அம்மா பால் வற்றட்டும் என்று வைத்தது இதற்குத்தான் உதவியிருக்கிறது.

குச்சிக்காட்டுக்காரன்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். கன்றுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை, நன்றாக இருக்கிறது.

டாக்டர் ஐயா கேட்டதற்கு: கழிச்சல் இல்லை. மூக்கில் ரத்தம் இல்லை. அறுக்கவில்லை, வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டோம். வாயில் துணுக்கு இருந்ததா என்று பார்க்கத் தோன்றவில்லை. ஆனால் நுரையைத் துடைக்க உதட்டை விலக்கினேன், ஈறு நல்ல சிவப்பாக இருந்தது. பிரசவித்த மாட்டின் ஈறுகூட அவ்வளவு சிவப்பு வராது. செத்துக்கொண்டிருக்கிற உடம்பில் இவ்வளவு ரத்தமா என்று அப்போதே தோன்றியது. அப்புறம் வரப்பில் அரளித் தழைக் குவியலைப் போய்ப் பார்த்தேன். போட்ட மாதிரியே கிடந்தது, மேலே சிலந்திகூடக் கூடு கட்டியிருந்தது.

நீங்கள் தனிச் செய்தியில் சொன்ன மஞ்சள் காகிதச் சோதனையைச் செய்து பார்த்தோம், இலையில் இருந்து சயனைடு கிளம்பினால் காகிதம் சிவக்கும் என்றீர்களே, அது. தங்கை மகள் சேலத்தில் வேதியியல் படிக்கிறாள். பிக்ரிக் அமிலத்தைக் கல்லூரி ஆய்வகத்தை விட்டு வெளியே எடுக்க விடவில்லை, காய்ந்தால் வெடிக்கும் என்றார்களாம். அங்கேயே அந்த அமிலமும் சோடியம் கார்பனேட்டும் கலந்த கரைசலில் வடிதாளை நனைத்துக் கீற்றாக வெட்டி, ஈரம் போகாமல் பொட்டலத்தில் கொண்டுவந்தாள். சின்னச் சீசாவில் குளோரோஃபார்மும். வீட்டில் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டில், ஊறுகாய் பாட்டில் எல்லாம் கழுவி ஆறு சேர்த்தோம். இலையைக் கத்தரியில் பொடிப்பொடியாக நறுக்கி, இரண்டு சொட்டு விட்டு, இலையில் படாமல் காகிதத்தை மூடியில் இருந்து தொங்கவிட்டு இறுக்கினோம். வெந்நீர் அண்டா பக்கத்தில், கதகதப்பான இடத்தில் வரிசையாக வைத்தோம்.

முதல் பாட்டிலில் மறுதாம்புத் துளிர். கோபத்தில் அன்றைக்கே நான் அறுத்துத் தள்ளிய மூலையில் திரும்பக் கிளம்பியிருந்தது, ஒரு சாண் இருக்கும். இரண்டாவதில் பக்கத்துக் காட்டில் பூத்து நிற்கிற சோளத்தின் இலை. மூன்றாவதில் அப்போதுதான் ஒடித்த குச்சி இலை. நாலாவதில் இரண்டு நாள் வெயிலில் போட்ட குச்சி இலை. ஐந்தாவதில் அரளி. ஆறாவதில் ஒன்றுமில்லை, காகிதம் மட்டும். அதை ஏன் வைக்கிறாய் என்று கேட்டேன். "மாமா, காகிதம் தானாவே நிறம் மாறுதான்னு பார்க்க வேண்டாமா" என்றாள். நான் கன்றை வைத்துச் செய்ய நினைத்ததில் இந்த ஆறாவது பாட்டில் இல்லவே இல்லை.

காபி போட்டு வருவதற்குள் முதல் பாட்டிலில் காகிதத்தின் கீழ் ஓரம் ஆரஞ்சு ஆகியிருந்தது. அரை மணி நேரத்தில் காகிதம் முழுக்கச் செங்கல் நிறம். எனக்கு உட்காரவே முடியவில்லை, எழுந்து வெளியே போய்விட்டேன். பச்சைக் குச்சி இலையும் சிவந்தது, கொஞ்சம் பின்னால். காய்ந்த குச்சி இலை இரண்டு மணி நேரத்துக்கு அப்புறமும் லேசான ஆரஞ்சோடு நின்றது. பூத்த சோளத்தில் ஓரம் மட்டும் நிறம் மங்கியது. வெறும் பாட்டில் மஞ்சள்.

அரளியும் மஞ்சள்.

"அப்ப அரளி நல்லதா?" என்று என் வீட்டுக்காரி கேட்டாள். ஒரு நிமிடம் நானும் குழம்பிப்போனேன்.

பழைய மாட்டு டாக்டர்

உங்கள் வீட்டில் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். அந்தக் காகிதத்துக்குச் சயனைடு மட்டும்தான் தெரியும். அரளியின் விஷம் வேறு சாதி, அதைக் காகிதம் கண்டுகொள்ளாது. உண்ணிச்செடி, காட்டாமணக்கு, எருக்கு, எதை வைத்தாலும் மஞ்சளாகத்தான் நிற்கும். தயவுசெய்து இதைப் பார்த்து யாரும் அரளித் தழையை மாட்டிடம் போடாதீர்கள். பச்சை அரளி கசக்கும், மாடு பெரும்பாலும் ஒதுக்கும். நீங்கள் கழித்துக் குவித்துக் காயவிட்டீர்களே, அதுதான் ஆபத்து. வாசமும் கசப்பும் குறையும், விஷம் அப்படியே இருக்கும். உங்கள் மாமா சொன்னது இந்தத் தடவை தப்பு, அவ்வளவுதான். அரளி என்றால் இன்னும் நேரம் எடுத்திருக்கும், கழிச்சல் வந்திருக்கும், நாடி தாறுமாறாக ஓடியிருக்கும்.

குச்சி இலை முந்தின நாள் சாயங்காலம் போட்டது. அதனால் என்றால் ராத்திரியே விழுந்திருக்கும். நீங்கள் சொல்வது போல மேய்ந்து அரை மணி நேரத்துக்குள், ஈறு அப்படிச் சிவந்து விழுந்தது என்றால் என் கணிப்பு சோளம்தான். சயனைடு வந்தால் ரத்தத்தில் ஆக்சிஜன் இருந்தும் திசுக்களால் எடுத்துக்கொள்ள முடியாது, அதனால்தான் அந்தச் சிவப்பு. வறட்சிக்குப் பின் வரும் தழையில் நைட்ரேட் விஷமும் உண்டு, அதில் ரத்தம் சாக்லேட் நிறத்துக்குப் போகும். உங்கள் கிடேரிக்கு அது இல்லை. ஆனால் ஒன்று, நைட்ரேட் காயவைத்தாலும் போகாது. "காயவைத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உறுதியாகச் சொல்ல வேண்டுமென்றால் அன்றைக்கே மருத்துவர் வந்து முதல் வயிற்றில் இருப்பதை எடுத்து, காற்றுப் புகாமல் அடைத்து, உறையவைத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற இடத்துக்கு அனுப்பியிருக்க வேண்டும். தாமதித்தால் சயனைடு பறந்துவிடும். இனி ஒரு தடவை இப்படி விழுந்தால் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962க்கு அழையுங்கள், "சோளம் தின்றது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ரத்தக் குழாயில் போட்டால் பிழைத்த மாடுகள் உண்டு, ஆனால் நிமிடக் கணக்கு.

ஏரிக்கரை வெள்ளாடு

பக்கத்து வீட்டில் "வருஷா வருஷம் மறுதாம்பு மேயுது" என்றாரே ஒருவர், அவர் எப்போது ஓட்டுகிறார் என்று கேட்டீர்களா அண்ணா?

குச்சிக்காட்டுக்காரன்

கேட்டேன் அக்கா. மத்தியானம், வைக்கோல் தின்ற பிறகு. அவர் வயலில் மோட்டார்த் தண்ணீர் பாய்கிறது, வாடவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேல் அவர் போட்டிருப்பது கோ.எஃப்.எஸ் 29 என்கிற, பல தடவை அறுக்கும் தீவனச் சோள ரகம், முதல் அறுப்பு 65 நாள், அப்புறம் 50 நாளுக்கு ஒரு அறுப்பு என்று கணக்காக அறுக்கிறவர். முழங்கால் உயரத்தில் அவர் மாடு வாய் வைத்ததே இல்லை. "மறுதாம்பு" என்று இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அரளிக் குவியலை எரிக்க வேண்டாம் என்று தங்கை மகள் சொன்னாள், புகையும் ஆகாதாம். குழி வெட்டிப் புதைத்தேன். மேற்கு வேலியில் கம்பி இழுக்கக் காசு சேரவில்லை, இப்போதைக்கு முள் வெட்டி அடைத்திருக்கிறேன். கழுத்துக் கயிற்றுக்கு முடிச்சு மாற்றியாயிற்று. அப்பாயி பட்டியலை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எவ்வளவு, எத்தனை நாள், பச்சையா காய்ந்ததா, வெறும் வயிறா என்று நான்கு கட்டம் போட்டிருக்கிறேன். பாதிக் கட்டம் காலியாகத்தான் இருக்கிறது. முருங்கையை மட்டும் அடித்துவிட்டேன்.

மண்வெட்டி

நண்பா, ஒரு உதவி. எங்க காட்டுல இந்த வருஷம் புது ரகக் குச்சி போட்டிருக்கோம், இலை கசப்பா இருக்கு. அம்மாவுக்கு முடியல, இப்ப என் சம்சாரம்தான் தீனி போடுது, அது ஒடிச்ச கையோட போட்டுடுது. அந்தக் காகிதம் மிச்சம் இருக்கா?

குச்சிக்காட்டுக்காரன்

நான்கு கீற்று இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். இலையைப் பறித்ததும் பாலித்தீன் பையில் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, வண்டியில் வெயில் படாமல் கொண்டுவாருங்கள், வதங்கிவிட்டால் கணக்கு மாறிவிடும். உங்கள் அம்மா வைப்பது போல மறுநாள் வரை வாடியதும் ஒரு கைப்பிடி தனியாக வேண்டும். பாட்டில் என்னிடம் இருக்கிறது. அதுவரை உங்கள் வீட்டில் ஒடித்த கையோடு போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.